கால்வாய் வழியே வந்த குருதியுண்ணி

லாம்ப்ரே என்பது தாடையும் செதிலும் இணைத்துடுப்புகளும் இல்லாத, முதுகெலும்பிகளின் மிகப் பழைய கிளையொன்றைச் சேர்ந்த நீர்வாழ் உயிரினம். உருவத்தில் விலாங்கு மீனைப் போல நீண்டு வழுவழுப்பாக இருப்பதால் வட அமெரிக்காவில் பலர் இதனை விலாங்கு என்றே அழைக்கின்றனர். ஆயினும் விலாங்குக்குத் தாடையும் எலும்பும் உண்டு, லாம்ப்ரேக்கு உடற்சட்டம் முழுவதும் வளைந்து கொடுக்கும் குருத்தெலும்புதான். கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஏழாகப் புல்லாங்குழல் துளைகளைப் போல வரிசையிட்டிருக்கும் செவுள் துளைகளைக் கொண்டே இதனைப் பிரித்தறிந்துவிடலாம். சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைபடிவமொன்றில் காணப்படும் லாம்ப்ரேயின் வாயமைப்பு இன்றைய லாம்ப்ரேயின் வாயிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்பது, இவ்வுயிர் தன் தொழிலை எவ்வளவு முன்பே கற்றுத் தேர்ந்தது என்பதைக் காட்டும். வெப்பமண்டல நீர்நிலைகளில் லாம்ப்ரேக்கள் வாழ்வதில்லையாதலால் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இவற்றைக் காண இயலாது.

உலகில் ஏறத்தாழ 40 லாம்ப்ரே இனங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் குறைவானவையே பிற மீன்களின் உடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிகள். அவற்றுள் அளவில் பெரியது அட்லாண்டிக் பெருங்கடலுக்குரிய கடல் லாம்ப்ரே. இதன் வாய் வட்டமான ஓர் உறிஞ்சுதட்டு. அதன் உட்புறம் நம் நகங்கள் ஆக்கப்பட்ட அதே வகைப் பொருளாலான மஞ்சள்நிறப் பற்கள் வட்ட வட்டமாக அடுக்கப்பட்டிருக்க, நடுவில் அரம் போன்ற நாக்கு அமைந்திருக்கும். மீனின் விலாப்புறத்தில் இத்தட்டு பதிந்ததும் பற்கள் பிடித்துக்கொள்ள, நாக்கு செதிலையும் தோலையும் ராவித் துளையிட, குருதி உறையவிடாமல் தடுக்கும் ஒரு சுரப்பு அத்துளைக்குள் இறங்குகிறது. அதன்பின் குருதியும் உடல்நீரும் தடையின்றி வந்துகொண்டிருக்கும். வாய் இரையின்மேல் அடைந்து கிடக்கையில் மூச்சு எவ்வாறு விடும் என்ற வினா எழலாம். செவுள் துளைகளின் வழியாகவே நீரை உள்ளிழுத்து, அவற்றின் வழியாகவே வெளித்தள்ளுவதால் நாட்கணக்கில் பிடியை விடாமல் இருக்க அதனால் முடிகிறது. நம் ஊர் அட்டை வயிறு நிறைந்ததும் தானே கழன்று விழும். லாம்ப்ரேயிடம் அந்த அளவான பசியை எதிர்பார்க்க முடியாது.

கடலில் சுறா, வாள்மீன் போன்ற பேருடல் கொண்டவை இரையாவதால் குருதியிழப்பைத் தாங்கிப் பிழைத்துக்கொள்கின்றன. நல்ல ஒட்டுண்ணி தன் வீட்டுக்காரனைக் கொல்வதில்லை என்பது உயிரியலில் பெரும்பாலும் பொருந்தும் கருத்து. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இனங்களுக்கிடையே உருவாகும் உடன்பாடு அது. அவ்வுடன்பாடு ஏற்படாத இடத்தில், தன்னைவிடச் சிறிதே பெரிய மீன்களுக்கு நடுவே லாம்ப்ரே வந்து சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள பேரேரிகளின் கதை சான்றாக நிற்கிறது.

சூப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என்னும் இவ்வைந்து ஏரிகளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வடிந்து, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே அட்லாண்டிக்கை அடைகின்றன. கடைசி ஏரியான ஒன்டாரியோவில் கடல் லாம்ப்ரே 19ஆம் நூற்றாண்டிலேயே காணப்பட்டது. அது பனியுகத்தின் இறுதியில் வந்து தங்கியதா, பிற்காலக் கால்வாய்களின் வழியே வந்ததா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. எவ்வாறாயினும், அதற்கு மேலுள்ள நான்கு ஏரிகளுக்கும் அது போகாமல் தடுத்து நின்றது நயாகரா அருவி. ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்நீரை எந்த லாம்ப்ரேயாலும் ஏறிக் கடக்க முடியாது. கப்பல்களாலும் முடியாது என்பதனால்தான், அருவியைச் சுற்றிக்கொண்டு போக 1829இல் வெலண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. பின்னர் அக்கால்வாய் பலமுறை ஆழப்படுத்தப்பட்டு அகலப்படுத்தப்பட்டது. 1921இல் ஈரி ஏரியிலும், 1936இல் மிச்சிகனிலும், 1937இல் ஹியூரானிலும், 1938இல் சூப்பீரியரிலும் கடல் லாம்ப்ரே கண்டறியப்பட்டது.

அவ்வேரிகளின் அரசன் ஏரி ட்ரௌட் என்னும் பெருமீன். ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியில் கொண்டுவந்து வளர்த்த ட்ரௌட்டும் இதுவும் ஒரே குடும்பத்தவை; ஆயினும் ஏரி ட்ரௌட் குளிர்ந்த ஆழ்நீரில் பல்லாண்டுகள் வாழ்ந்து மெல்லப் பருவமடைவது. லாம்ப்ரே வருமுன் சூப்பீரியர், மிச்சிகன், ஹியூரான் ஆகிய மேல் ஏரிகளில் இரு நாட்டு மீனவர்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு, அதாவது சுமார் 68 லட்சம் கிலோ ஏரி ட்ரௌட் பிடித்துவந்தனர். 1960களின் தொடக்கத்தில் இது 3 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. மிச்சிகன் ஏரியில் மட்டும் 1946இல் 55 லட்சம் பவுண்டாக இருந்த பிடிப்பு, 1953இல் 402 பவுண்டு. ஏழே ஆண்டுகளில் ஒரு மாபெரும் ஏரியின் பிடிப்பு ஒரு சிறு வண்டியில் ஏற்றக்கூடிய அளவுக்கு வந்து நின்றது. மிகுதியாக மீன்பிடித்ததும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை மறைக்கலாகாது. எனினும் ஒரு லாம்ப்ரே தன் ஒட்டுண்ணி வாழ்நாளில், அதாவது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள், 18 கிலோ வரை மீன்களைக் கொல்லக்கூடியது என்னும்போது, வலைகளால் ஏற்கெனவே நலிந்திருந்த ட்ரௌட் இனம் அடியோடு சாய்ந்ததில் வியப்பில்லை.

வேட்டைமீன் போனதும் இரைமீன் பெருகியது. மத்தியைப் போன்ற ஏல்வைஃப் என்னும் சிறுமீனும் அதே கால்வாய் வழியே வந்ததே. தின்பதற்கு ஆளில்லாமல் பெருகிய அது, 1967இல் மிச்சிகன் ஏரிக்கரையெங்கும் செத்துக் குவிந்து நாறியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மிச்சிகன் மாநில மீன்வளத்துறைத் தலைவர் ஹோவர்டு டானர், பசிபிக் கடற்கரையின் கோஹோ சால்மன் குஞ்சுகளை ஏரியில் கலக்கும் ஆறுகளில் விடச் செய்திருந்தார். ஏல்வைஃபைத் தின்று கொழுத்த சால்மன்களைத் தேடித் தூண்டில்காரர்கள் படையெடுத்ததில், வணிக மீன்பிடிப்பு மடிந்த கரைகளில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு பெருந்தொழிலாக எழுந்தது. அந்தச் சால்மன்களின் உடலையும் லாம்ப்ரே விட்டுவைக்கவில்லை. அதனை ஒடுக்கியிராவிட்டால் அம்முயற்சி ஒட்டுண்ணிக்கு விருந்து வைத்ததாகவே முடிந்திருக்கும்.

ஒடுக்குவதற்கான வழி அதன் வாழ்க்கைச் சுழற்சியிலேயே இருந்தது. முதிர்ந்த லாம்ப்ரேக்கள் இளவேனிலில் ஏரியை விட்டு ஓடைகளுக்குள் ஏறி, கற்களை வாயால் கவ்வி நகர்த்திக் கூடு கட்டி, பல்லாயிரம் முட்டைகள் இட்டு, அத்துடன் மடிந்துபோகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிர்களுக்குப் பார்வையும் இல்லை, உறிஞ்சு வாயும் இல்லை. ஓடையடிச் சேற்றில் புதைந்துகொண்டு, நீரோடு வரும் நுண்பாசிகளை வடிகட்டி உண்டு, மூன்று முதல் ஏழு ஆண்டுகளும் சிலவேளை அதற்கு மேலும் எவர்க்கும் தீங்கின்றிக் கிடக்கின்றன. பிறகே உருமாறி, பல் முளைத்து ஏரிக்குள் இறங்குகின்றன. அகன்ற ஏரியில் சிதறிக் கிடப்பவற்றைத் தேடிப் பிடிப்பது நடவாத செயல். ஓடைச் சேற்றில் பல வயதினவும் ஒன்றாகக் கிடக்கையில் அழிப்பதே ஆகக்கூடியது.

1954இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகப் பேரேரிகள் மீன்வள ஆணையம் அமைந்தது. மிச்சிகனின் ஹேமண்ட் விரிகுடா ஆய்வு நிலையத்தில் வெர்னான் ஆப்பிள்கேட் தலைமையிலான குழுவினர், லாம்ப்ரே இளவுயிர்களையும் ட்ரௌட் குஞ்சுகளையும் கண்ணாடிச் சாடிகளில் ஒன்றாக இட்டு, ஒவ்வொரு வேதிப்பொருளாகக் கலந்து பார்த்தனர். வந்தவை எல்லாவற்றையும் கொல்லும் நஞ்சுகள் அல்லது எதையும் கொல்லாத பொருள்கள். ஏறத்தாழ 6,000 பொருள்களைச் சோதித்துச் சலித்தெடுத்ததில், லாம்ப்ரேயைக் கொன்று பிற மீன்களைப் பெரும்பாலும் விட்டுவிடும் நஞ்சு வகை கைக்கு வந்தது. சுருக்கமாக டிஎஃப்எம் எனப்படும் அது 1958 முதல் ஓடைகளில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏனைய மீன்களின் கல்லீரல் இந்நஞ்சைச் சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும்; அவ்வாற்றல் லாம்ப்ரேயிடம் மிகக் குறைவு. ஊட்டத்தை உயிராற்றலாக மாற்றும் செயல் உயிரணுக்களில் குலைந்துபோக, அது சோர்ந்து மடிகிறது.

இந்நஞ்சைக் கையாள்வது சோற்றில் உப்புப் போடுவதைப் போல ஒரு கைப்பிடி வழக்கமன்று. நீரின் அமிலத்தன்மை சற்றுக் கூடினாலே நஞ்சின் கடுமை ஏறிவிடும். பகலில் நீர்த்தாவரங்கள் கரியமிலவாயுவை உட்கொள்வதால் அமிலத்தன்மை குறைந்தும், இரவில் அவை அதனை வெளிவிடுவதால் மிகுந்தும் ஓடை ஒரே நாளுக்குள் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். ஆகவே பணியாளர்கள் மணிக்கணக்கில் நீரை எடுத்துச் சோதித்து, அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே, ஏறத்தாழ 12 மணி நேரம் நஞ்சினை ஒரே சீராக ஓடச் செய்கின்றனர். அவ்வாறு செய்தும் சேற்றுக்குள் சில எஞ்சிவிடுவதாலும், புதியவை வந்து முட்டையிடுவதாலும், சில ஆண்டுகளுக்கொருமுறை அதே ஓடைக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது. இதனோடு, குதிக்கத் தெரியாத லாம்ப்ரேயை மறிக்கும் தாழ்ந்த அணைகள், பொறிகள், முதிர்ந்தவை ஓடையைக் கண்டுகொள்ள உதவும் மண வேதிப்பொருள்களைக் கொண்டு அவற்றை ஏமாற்றும் முயற்சிகள் என வேறு வழிகளும் கையாளப்படுகின்றன. இவற்றால் லாம்ப்ரேயின் தொகை உச்சத்திலிருந்ததைவிட ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது; சூப்பீரியர் ஏரியில் ட்ரௌட் தானே இனப்பெருக்கம் செய்து மீண்டுள்ளது.

இவ்வளவு பகைக்கும் உரிய இதே உயிர் தன் சொந்த மண்ணில் வேறு மதிப்புடையது. போர்ச்சுக்கலில் லாம்ப்ரேயை அதன் குருதியிலேயே சோற்றோடு சமைத்து உண்பது பருவகால விருந்து; இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரம் அரசகுடும்பத்துக்கு லாம்ப்ரே பணியாரம் அனுப்பும் பழைய வழக்கமும் உண்டு. 2012இல் அப்போதைய அரசியின் வைரவிழாவுக்காக அதனைச் செய்ய முனைந்தபோது, பிரிட்டனில் அது அருகிக் காக்கப்படும் உயிராகிவிட்டிருந்ததால், பேரேரிகளிலிருந்தே தருவிக்க நேர்ந்தது. எனவே குற்றத்தை உயிரின்மீது சுமத்துவதைவிட, அதனை இடம் மாற்றிய மனிதச் செயலின்மீது சுமத்துவதே முறையாகும்.

பேரேரிகளில் நடக்கும் பணிக்கு ஒழிப்பு என்று பெயரிடாமல் கட்டுப்பாடு என்றே பெயரிட்டிருப்பது பொருத்தமானது. பெருந்தொற்றின் காரணமாக 2020இலும் 2021இலும் ஓடைப்பணி பெரிதும் தடைப்பட்டபோது, சேற்றில் உயிர் தப்பியவை உருமாறி இறங்கியதும், அடுத்த சில ஆண்டுகளில் ஏரிகளில் லாம்ப்ரேயின் தொகை மீண்டும் ஏறியது. வெலண்ட் கால்வாயில், குளிர்கால மாதங்கள் நீங்கலாக, கப்பல்கள் இன்றும் போய்வந்துகொண்டிருக்கின்றன.