மாணவர்கள் வந்தால் வாராவாரம் வயலுக்கு அழையுங்கள்

உங்கள் வட்டாரத்தில் வேளாண் கல்லூரி மாணவ, மாணவியர் சிலர் வீடு எடுத்துத் தங்கியிருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு நோட்டு. 'ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் வந்திருக்கிறோம் ஐயா' என்று வாசலில் நிற்பார்கள். இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இது கட்டாயம். 2015 முதல் நாடு முழுவதும் 'ஸ்டூடன்ட் ரெடி' என்ற திட்டத்தின் ஓர் அங்கமாக நடக்கிறது.

அவர்கள் செய்து காட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உப்புக் கரைசலில் முட்டையை மிதக்க விட்டுத் தரமான விதைநெல்லைப் பிரிப்பது, உயிர் உரத்தில் விதை நேர்த்தி, பஞ்சகவ்யம் தயாரிப்பு. ஒரு மணி நேரம். பேனரைப் பிடித்துப் படம் எடுப்பதோடு முடிந்துவிடும். மறுநாள் அடுத்த ஊர். இதில் தவறில்லை, மதிப்பெண்ணுக்கு அது வேண்டும். ஆனால் விதை நேர்த்தியை நீங்கள் பத்து முறை பார்த்தாகிவிட்டது. அவர்களிடம் உள்ளது, உங்களிடம் இல்லாத ஒன்று: வாராவாரம் ஒரே வேலையை எழுதி வைத்துச் செய்வதற்கான நேரம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்துக்காட்டாக, நெல்லில் இலை வண்ண அட்டை. யூரியாவை எப்போது இடுவது என்று பயிரிடமே கேட்கும் கருவி இது. விலையும் சொற்பம். ஆனாலும் பலர் வாங்கிப் பரணில் போட்டுவிடுகிறோம். காரணம், நடவு செய்த 14ம் நாளில் தொடங்கிப் பூக்கும் வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துக் குத்துகளில், முழுவதும் விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் படாமல் உடம்பின் நிழலில் வைத்துப் பார்ப்பது முக்கியம். ஒரே ஆள்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண் பச்சை மாறும். பத்தில் ஆறு இலைகள் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். அளவை மாணவரின் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு வயலை இரண்டாகப் பிரித்து, பாதியில் உங்கள் வழக்கம், பாதியில் அட்டை சொல்வது என்று விடுங்கள். எத்தனை யூரியா போனது, புகையானும் இலைச் சுருட்டுப்புழுவும் எந்தப் பக்கம் கூடுதல் என்பதை அந்த மாணவி குறித்துக்கொண்டே வரட்டும். தழைச்சத்து மிஞ்சினால் பூச்சி வரும் என்று வகுப்பில் படித்ததை அவரும் அங்கேதான் கண்ணால் பார்ப்பார். நாளை வேளாண் அலுவலராக உங்கள் முன் உட்காரப் போகிறவர் அவர்.

மக்காச்சோளம் போட்டவர்கள் படைப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, சிக்கிய அந்துகளை எண்ணும் வேலையைக் கொடுக்கலாம். சொந்த விதை வைத்திருப்பவர்கள் முளைப்புத்திறன் பார்க்கச் சொல்லலாம். நூறு விதை, ஈரச் சாக்கு, பொறுமை, இவ்வளவுதான் செலவு. சான்று விதைக்குக் குறைந்தபட்சம் நெல்லில் 80, நிலக்கடலையில் 70 விழுக்காடு முளைப்பு வேண்டும். அதற்குக் கீழே போனால், விதைத்த பிறகு அல்ல, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மண் மாதிரியில் ஒரு எச்சரிக்கை. வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை போட்ட இடம் எல்லாம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி எடுத்து, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்துத் தருவார்கள். அந்த வேலையைச் சரியாகவே செய்வார்கள். ஆனால் ஆய்வு முடிவு வருவதற்குள் அவர்கள் ஊர் திரும்பியிருக்கலாம். எந்த ஆய்வுக்கூடம், என்ன எண் என்று உங்கள் கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்த முதல் வாரத்தில் தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவார்கள். குளம், வாய்க்கால், வற்றிய ஆழ்துளைக் கிணறு, யார் எங்கே என்ன பயிர் என்றெல்லாம் பெரியவர்களைக் கேட்டு வரைவது. மக்கள் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று பெயர். அரை நாள் உட்கார்ந்து நீங்கள் சொன்னதெல்லாம் சார்ட் தாளில் ஏறி, கல்லூரிக்குப் போய், மதிப்பெண் வாங்கி, அங்கேயே தங்கிவிடுகிறது. இது எனக்கு நீண்ட நாள் வருத்தம். ஊர் சொன்னது ஊருக்கு வேண்டாமா? ஒரு பிரதி கேளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தூர்ந்த வாய்க்கால் எது என்று வரைபடத்தைக் காட்டித் தீர்மானம் கேட்டால், வாயால் சொல்வதைவிட வலு அதிகம். மாணவர்களையும் அந்தச் சபையில் உட்கார வையுங்கள். பாடப்புத்தகத்தில் ஊராட்சி ஒரு பத்தி. நேரில் அது வேறு.

வரைபடம் போடும்போது ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. எந்த மேட்டில் கோரை அதிகம், எந்த மடையில் நாற்று அழுகும் என்பது நடவு நடும், களை எடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். மாணவிகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவிகள் தங்கும் வீட்டில் கழிப்பறையும் தண்ணீரும் உண்டா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பாருங்கள். காலை 8 மணிக்கு வயலில் நிற்க வேண்டுமென்றால் வயலுக்கு அருகில் தங்கியாக வேண்டும். எந்த விவசாயி எந்த வயலைத் தருகிறார் என்ற பட்டியலை அவர்கள் வருவதற்கு முன்பே தயார் செய்தால் ஒரு வாரம் மிச்சம். கிளம்பும் நாளில், வாராவாரம் எழுதிய நோட்டின் நகல் ஒன்று வேளாண் விரிவாக்க மையத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் அணி அதே வயலில் தொடரலாம்.