உறக்கத்தில் இறுகும் பட்டை

அறுவை சிகிச்சை என்னவோ வயிற்றில்தான். ஆனால், மயக்கம் தெளிந்த நோயாளிக்கு மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. அல்லது சுண்டுவிரல் மரத்துக் கிடக்கிறது. அபூர்வமாக நேரும் இந்த விபரீதத்தில் சந்தேகத்துக்கு ஆளாவது யாரும் கண்டுகொள்ளாத ஒரு சமாச்சாரம்: ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி உருவாக்கிய பட்டை இது. 1901இல் அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுசென்றவர் மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். ரப்பர் பந்தை அழுத்திக் காற்றடித்தது போய், இப்போது இயந்திரமே பட்டையை உப்பச் செய்து தளர்த்துகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஆறு மணி நேரத்தில் 72 தடவை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1990இல் சொந்தமாக இதய வால்வு செய்து பொருத்திய இடம். அங்கு நடப்பது போன்ற இதய அறுவைகளில் ரத்தக் குழாய்க்குள்ளேயே குழல் செருகி அழுத்தத்தைக் கண்காணிப்பது வழக்கம். பட்டையை மட்டும் நம்பியிருப்பவை பெரும்பாலும் 'சாதாரண' அறுவைகள்தான்.

விழித்திருப்பவர் வலித்தால் கத்துவார். மயக்கத்தில் இருப்பவர்? மேற்கை எலும்பைச் சுற்றி இறங்கும் நரம்பும், முழங்கையின் பின்புறம் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பும் நசுங்கலாம். பட்டை முழங்கைக்கு நழுவுவது, அளவு பொருந்தாதது, காற்று முழுவதும் இறங்காதது, நடுக்கத்தால் அளவு கிடைக்காமல் இயந்திரம் திரும்பத் திரும்ப இறுக்குவது எல்லாமே வினைதான். 1972இல் பபூன் குரங்குகளிடம் நடந்த சோதனையில், இறுக்கிய பட்டையின் விளிம்புகளுக்குக் கீழேதான் நரம்புறை அதிகம் சிதைந்திருந்தது. நல்ல வேளையாக, உறை மட்டும் சிதைந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ கை பெரும்பாலும் தேறிவிடும்.

பட்டையை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமல்ல. முழங்கைக்கு மேலே சரியாகக் கட்டி, ஒழுங்காக இயங்கும் பட்டையால் ஆபத்து கூடுவதில்லை என்பது 2000இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் கூறிய கருத்து. கை கிடந்த விதம், மேசை விளிம்பு, நோயாளியின் சர்க்கரை நோய் எதுவும் காரணமாகலாம்.

நிரூபிப்பதும் அதனால்தான் கடினம். காசு கொடுத்துச் சிகிச்சை பெறுபவரும் நுகர்வோரே என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 1992இல் சொன்னது திருவனந்தபுரம் மருத்துவமனை ஒன்றின் வழக்கில். 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால், பட்டை எந்தக் கையில், எத்தனை நேரம் இருந்தது என்பதை மயக்க மருந்துக் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும். அதன் நகலை நோயாளி கேட்டுப் பெறலாம். ஏற்கெனவே விரல் மரத்துப்போகும் தொல்லை இருந்தால், மேசையில் படுப்பதற்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுவது உத்தமம்: பட்டையை மறு கையில் கட்ட அவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது.