ரெஸ்யூமை முதலில் படிப்பது மனிதர் இல்லை! அப்லோட் செய்யும் முன் இதைப் பாருங்க

குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் வடலூர், நெய்வேலி. மறுபக்கம் கடலூர் சிப்காட். முன்பெல்லாம் பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டு வரலாம். இப்போது பல இடங்களில் ‘ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க’ என்பதுதான் பதில். அங்கேதான் சிக்கல்.

யார் படிக்கிறார்கள்?

பெரிய நிறுவனங்களும் வேலைவாய்ப்புத் தளங்களும் ஏ.டி.எஸ். எனப்படும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. ரெஸ்யூமில் இருக்கும் எழுத்துகளைப் பிரித்து பெயர், படிப்பு, அனுபவம் எனத் தனித்தனியாகச் சேமிப்பது இதன் வேலை. அந்தப் பட்டியலில் ‘டேலி’, ‘வெல்டிங்’ என்று தேடித்தான் எச்.ஆர். ஆட்களை எடுக்கிறார். மென்பொருளுக்குப் புரியாத ரெஸ்யூம் அவர் கண்ணிலேயே படாமல் போகலாம். தகுதி இருந்தும் அழைப்பு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே தவறுகிறது?

* போட்டோ எடுத்த பி.டி.எஃப்.: பிரின்ட் எடுத்து, மொபைலில் ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம். வேர்டு ஃபைலில் இருந்தே நேரடியாக பி.டி.எஃப். ஆக சேமியுங்கள்.
* இரண்டு பத்தி டிசைன்: கலர் டெம்ப்ளேட்டில் இடது, வலது பத்திகள் கலந்து, கல்லூரிப் பெயர் ஒரு இடத்திலும் ஆண்டு வேறு இடத்திலும் போய் விழலாம். மேலிருந்து கீழாக ஒரே பத்தி போதும்.
* போன் நம்பர்: பக்கத்தின் ஹெடர் பகுதியில் போட்டால் சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. பெயருக்குக் கீழேயே எழுதுங்கள்.
* பழைய எழுத்துரு: தமிழில் தயாரிப்பவர்கள் பாமினி போன்றவற்றைத் தவிர்த்து யூனிகோடில் டைப் செய்யுங்கள். பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்.

இனிஷியல் குழப்பம்

நம்மில் பலருக்கு ‘லாஸ்ட் நேம்’ கிடையாது, இனிஷியல்தான். ஒரு தளத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் என மாற்றிப் போட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

ஒரு நிமிட டெஸ்ட்

பி.டி.எஃப்.பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். வரிசை மாறாமல் வந்தால் பெரும்பாலும் மென்பொருளுக்கும் புரியும். காப்பியே ஆகவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூம் வெறும் படம்.

அடுத்து, வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஜி.எஸ்.டி. ஃபைலிங்’ கேட்டிருந்து, உங்களுக்கும் தெரியும் என்றால் அதே வார்த்தையில் எழுதுங்கள். தெரியாததைச் சேர்க்க வேண்டாம். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

இதை எழுதாதீங்க

ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், சாதி, மதம் எதுவும் ரெஸ்யூமில் தேவையில்லை. அரசு மற்றும் பொதுத்துறை வேலைகளுக்கு அவரவர் படிவத்தில் கேட்பதை மட்டும் நிரப்புங்கள்.

தமிழ்நாடு அரசின் ‘டி.என். பிரைவேட் ஜாப்ஸ்’ தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ‘ரெஸ்யூம் செலக்ட் ஆகிடுச்சு, பணம் கட்டுங்க’ என்று யாராவது அழைத்தால் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.