நகக்கண்ணில் ஒளிந்திருப்பது என்ன?

ஆடிப்பூரத் தேரோட்டம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள். ஆண்டாள் கோயிலின் பெரிய தேரை இழுக்க வடம் பிடிக்கும் கைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். பல கைகளில் மருதாணி சிவந்திருக்கும். ஆடி மாதத்தில் மருதாணி அரைத்து இட்டுக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம் அல்லவா?

இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதே கைகளை மறுபடியும் பாருங்கள். உள்ளங்கையில் இட்ட வட்டமும் புள்ளிகளும் மறைந்திருக்கும். நகத்தில் மட்டும் சிவப்பு அப்படியே இருக்கும். ஒரே மருதாணி, ஒரே நாளில் இட்டது. பின் ஏன் இந்த வேறுபாடு? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடினால், நகத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியவை ஒவ்வொன்றாக வெளிவரும்.

நகம் எங்கே பிறக்கிறது?

மருதாணி இலையில் 'லாசோன்' என்னும் சாயப்பொருள் இருக்கிறது. அது 'கெரட்டின்' என்ற புரதத்தோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். தோலின் மேலடுக்கிலும் கெரட்டின் உண்டு, நகத்திலும் உண்டு. ஆனால் தோலின் மேலடுக்கு நாள்தோறும் நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனோடு சாயமும் போய்விடுகிறது. நகம் அப்படி உதிர்வதில்லை. வேரிலிருந்து நுனியை நோக்கி மெல்ல நகர்கிறது.

நகத்தின் அடிப்பகுதியில் தோலுக்குள் புதைந்திருப்பதே நக வேர். அங்கே உயிருள்ள செல்கள் இடைவிடாது பிறக்கின்றன. புதிய செல்கள் பழையவற்றை முன்னே தள்ளுகின்றன. தள்ளப்பட்ட செல்கள் கெரட்டினால் நிறைந்து, தட்டையாகி, இறந்து, கெட்டியான தகடாகின்றன. நாம் வெட்டும் நகம் இந்த இறந்த தகடுதான். அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. கட்டைவிரல் நகத்தின் அடியில் வெளிறிய பிறை ஒன்று தெரிகிறதே, அது நக வேரின் முன்பகுதி.

நகத்துக்கும் தோல் மடிப்புக்கும் இடையே மெல்லிய தோல் விளிம்பு ஒன்று ஒட்டியிருக்கும். அழகுக்காகச் சிலர் அதை வெட்டி எறிகிறார்கள். அது செய்யக்கூடாத காரியம். நக வேருக்குள் தண்ணீரும் கிருமியும் புகாமல் அடைத்து நிற்கும் கதவு அது.

நாய், அணில், குரங்கு

ராஜபாளையம் நாயை உங்களுக்குத் தெரியும். 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. அதன் கால் நகம் தடித்து வளைந்தது. ஓடும்போது தரையை ஊன்றிக்கொள்ள உதவுவது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் சென்றால் சாம்பல் நிற மலை அணிலைக் காணலாம். அதைக் காப்பதற்கென்றே 1988இல் அங்கே சரணாலயம் அமைந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அந்த அணிலின் நகங்கள் கூர்மையானவை. மரப்பட்டையில் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும்.

அதே காட்டுக் குரங்கின் கையைப் பாருங்கள். நகம் நம்முடையதைப் போலத் தட்டையாக இருக்கும். தட்டை நகம் விரல்நுனிக்குப் பின்னால் பலகை போல நின்று தாங்குகிறது. அந்தத் தாங்கல் இருப்பதால்தான் நாம் ஊசியில் நூல் கோக்கிறோம். அரிசியில் கல் பொறுக்குகிறோம். பேனா பிடித்து எழுதுகிறோம். இந்த வேலைகளுக்கு நீண்ட நகம் தேவையில்லை. விரல்நுனி அளவுக்கு இருந்தால் போதும்.

மருதாணி காட்டும் மாதக் கணக்கு

நகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது? நீங்களே அளந்து பார்க்கலாம். மருதாணி இட்ட சில நாட்களில், நகத்தின் அடியில் சிவப்பு ஏறாத புதிய பகுதி தலைகாட்டும். ஞாயிறுதோறும் அளவுகோலை வைத்து அதன் நீளத்தைக் குறித்து வாருங்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால்விரல் நகம் அதில் பாதி வேகத்தில்தான் வளரும். ஆடியில் இட்ட மருதாணி தீபாவளிக்குள் நகத்தின் பாதியைத் தாண்டியிருக்கும். பொங்கலுக்குள் முழுவதும் நீங்கியிருக்கும்.

வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1941இல் தம் இடது கட்டைவிரல் நகத்தை இப்படி அளக்கத் தொடங்கி, 35 ஆண்டுகள் விடாமல் அளந்தார். அவருக்கு 32 வயதானபோது நகம் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67 வயதில் அது 0.095 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. ஓர் அளவுகோலும் பொறுமையும் இருந்தால் விஞ்ஞானம் செய்யலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நகக்கண்ணில் யார் குடியிருக்கிறார்கள்?

நகத்தின் நுனிக்கும் சதைக்கும் இடையிலுள்ள சந்துக்கு நகக்கண் என்று பெயர். அது ஈரமும் கதகதப்பும் உள்ள இடம். கை கழுவும் தண்ணீர் எளிதில் எட்டாத இடம். கையின் எந்தப் பகுதியில் கிருமிகள் மிகுதி என்று ஆராய்ந்த ஆய்வு ஒன்று 1988இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. மற்ற எல்லா இடங்களையும் விட நகக்கண்ணில்தான் அவை மிக அதிகம் என்று அது காட்டியது.

நாம் கையால் சோறு பிசைந்து உண்பவர்கள். நாள்தோறும் மூன்று வேளை நம் விரல்நுனி வாய்க்குள் போகிறது. நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேளைக் கணக்கே கிடையாது! மண்ணில் விளையாடும்போது உருண்டைப்புழுவின் முட்டைகள் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளலாம். நூல்புழுவின் கதை இன்னும் வேடிக்கையானது. இரவில் அது ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அரிப்பெடுக்கும். குழந்தை தூக்கத்திலேயே சொறியும். முட்டைகள் நகக்கண்ணில் சேரும். காலையில் கை வாய்க்குப் போகும். அந்தக் குழந்தைக்கே மீண்டும் நோய். கூடப் படுத்த தம்பிக்கும் நோய்!

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை தருவதைப் பார்த்திருப்பீர்கள். நாடெங்கும் இதற்காக 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. மாத்திரை வயிற்றிலுள்ள புழுவை ஒழிக்கும். ஆனால் நகக்கண்ணில் அழுக்கு இருந்தால் அடுத்த வாரமே புதிய முட்டைகள் உள்ளே போகலாம். அதைத் தடுக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. நகவெட்டியும் சோப்பும்தான் தடுக்கும்.

பால்கோவாவும் கட்டுத்துணியும்

இந்த இரண்டு ஊர்களும் தம் கைவேலையை வெளியூர்களுக்கு அனுப்பி வாழ்பவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் அடுப்பில் கொதித்துச் சுண்டும்போது கிருமிகள் மடிந்துவிடும். எந்தப் பால் இனிப்புக்கும் ஆபத்து வந்தால் அது ஆறிய பிறகுதான் வரும். நகச்சுற்று வந்து சீழ் கோத்த விரலால் ஒருவர் இனிப்பை அள்ளினால் என்ன ஆகும்? சீழிலுள்ள ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகள் இனிப்பில் ஏறிப் பெருகி நஞ்சை உண்டாக்கலாம். அந்த நஞ்சு சூட்டுக்கு எளிதில் அழியாது. மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு நிற்கும். உண்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். ஆகவே உணவைத் தொடும் வேலைக்கு ஒட்ட வெட்டிய நகமும் புண்ணில்லாத விரலும் முதல் தகுதி.

ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் தறிகள் ஓயாமல் ஓடுகின்றன. அங்கே நெய்யப்படும் கட்டுத்துணி வெளியூர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. வெளுத்து, கிருமி நீக்கி, உறையிலிட்டு அனுப்பிய துணியை அழுக்கு நகத்தால் பிரித்துப் புண்ணில் வைத்தால், அத்தனை பேர் உழைப்பும் ஒரு நொடியில் வீண்.

கையின் தூய்மை உயிர் காக்கும் என்பதை உலகம் அறிய ஒரு மருத்துவர் பாடுபட வேண்டியிருந்தது. 1847இல் வியன்னா நகரப் பொது மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மடிந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேர் இறந்தனர். பிண ஆய்வு செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டார். சலவைத்தூளை ஒத்த குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. அப்படியும் பல மருத்துவர்கள் அவர் சொல்லை ஏற்கவில்லை. 1865இல் அவர் மனமுடைந்த நிலையில் இறந்தார். கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்த பிறகுதான் அவர் பெருமை விளங்கிற்று.

நகம் என்னும் கண்ணாடி

நகத்தை ஒருமுறை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் ஏறக்குறைய 2 நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாகும். நகத்துக்கு அடியில் ஓடும் இரத்தமே அந்த நிறம். மருத்துவர்கள் நம் விரலைப் பிடித்துப் பார்ப்பது சும்மா அல்ல. நகம் வெளிறி, நடுவில் கரண்டி போலக் குழிந்திருந்தால் உடலில் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். விரல்நுனி முரசடிக்கும் குச்சி போல உருண்டு பருத்தால் நுரையீரலையோ இதயத்தையோ சோதிக்க வேண்டியிருக்கும். இவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றிப் பயம் வேண்டாம். கண்மாய்க்கு மேலே கொக்குகள் பறக்கும்போது விரல்களை நீட்டி நீங்களும் பூக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பூவைக் கொக்கு போடுவதில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் அது பெரும்பாலும் வருவதில்லை. சில வாரங்களுக்கு முன் நக வேரில் பட்ட சிறிய அடியின் தழும்பு அது. நகத்தோடு நகர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

வாரம் ஒருமுறை நகம் வெட்டுங்கள். குளித்தவுடன் நகம் மென்மையாக இருக்கும். அப்போது வெட்டுவது எளிது. கைநகத்தை விரல்நுனியின் வளைவுக்கு ஏற்ப வெட்டலாம். கால்நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து துன்பம் தரும். சவர பிளேடால் வெட்டாதீர்கள். ஒருவர் நகவெட்டியை மற்றவர் பயன்படுத்துவதும் நல்லதல்ல.

இரவில் நகம் வெட்டாதே என்று பாட்டி சொல்வார். அகல்விளக்குக் காலத்தில் அது நல்ல எச்சரிக்கைதான். இன்றும் நல்ல வெளிச்சத்தில் வெட்டுவதே முறை.

உண்ணும் முன்பும், கழிப்பறை சென்று வந்த பின்பும் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். ஐந்து விரல்நுனிகளையும் மறு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நுரை நகக்கண்ணுக்குள் போகும். பிறகு துடைத்து உலர்த்துங்கள். எந்நேரமும் தண்ணீரில் ஊறும் கைகளில் நகத்தைச் சுற்றிப் பூஞ்சை தொற்றும். பாத்திரம் துலக்கும் அம்மாவின் விரல்களைப் பாருங்கள். வேலை முடிந்ததும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே, அந்த வேலையில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்!

நக ஓரத்தில் கிளம்பும் தோல்கீற்றைப் பல்லால் இழுக்காதீர்கள். நகச்சுற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகும் வழக்கம் உண்டு. குளிர்ச்சி சற்று இதமாக இருக்கலாம். சீழ் அதனால் ஆறாது. தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் விரலை ஊறவைக்கலாம். சீழ் கோத்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மருதாணி வாங்கும்போதும் கவனம் தேவை. இலை அரைத்த மருதாணி சிவக்கும், கறுக்காது. 'கருப்பு மருதாணி' என்று விற்கும் சிலவற்றில் தலைமுடிச் சாயத்துக்குரிய வேதிப்பொருள் கலந்திருக்கும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்துவிடும்.

அடுத்த ஆடியில் மருதாணி இட்டுக்கொள்ளும்போது தேதியைக் குறித்து வையுங்கள். பையன்கள் வெட்கப்பட வேண்டாம். சுண்டுவிரலில் மட்டும் இட்டால் போதும், இது விஞ்ஞானச் சோதனை! ஞாயிறுதோறும் அளந்து, அளந்த கையோடு நகத்தையும் வெட்டிவிடுங்கள். பொங்கலன்று கடைசிச் சிவப்புக் கீற்று போயிருக்கும். கணக்குப் புத்தகத்தில் நகத்தின் வளர்ச்சி இருக்கும். நகக்கண்ணில் ஒன்றும் இருக்காது. பிறகென்ன, அந்தக் கையால் கரும்பையும் சர்க்கரைப் பொங்கலையும் கவலையின்றிச் சாப்பிடலாம்.