ராஸ் எழுதிய கடிதம்

பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்தின் அருகே உள்ள சிறு கட்டிடத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது இங்கேதான். அப்பெரியாரின் மற்றொரு நற்செயலைச் சிலரே அறிவர்.

ஒடெஸாவில் பிறந்த யூதர் வால்டெமார் ஹாஃப்கின். அதே 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசி கண்டு, முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டவர். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஊசி போட்டுக்கொண்டோருள் 19 பேர் தனுர்வாதம் கண்டு மாண்டனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பதவியும் போயிற்று. யூதர் என்னும் வெறுப்பும் அப்பழியில் கலந்திருந்தது என்பர் வரலாற்றறிஞர் சிலர்.

ராஸ் வாளாவிருக்கவில்லை. மாசு சேர்ந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று, குப்பியைத் திறந்த ஊரிலேயே என்று வாதாடினார். 1907-இல் லண்டன் 'டைம்ஸ்' இதழிலும் எழுதினார். அறிஞர் பலர் உடன் நின்றனர். அவ்வாண்டிலேயே பழி நீங்கிற்று.

வெறுப்பின் கசப்பு நமக்குப் புதிதன்று. 1952-இல் முல்கி கிளர்ச்சியின்போது, சென்னை ராஜ்யத்திலிருந்து வந்தோரை நோக்கி, 'இட்லி சாம்பார் திரும்பிப் போ' என்ற முழக்கம் இந்நகரில் எழுந்தது. நம் காலை உணவே வசைச்சொல்லாயிற்று! ஆயினும், இன்று வீட்டை வாடகைக்கு விடுகையில் 'அந்த மதத்தாருக்கு இல்லை' என்போர் நம்மவருள்ளும் உண்டு. விருந்தில் ஒருவர் ஓர் இனத்தையே இகழ, மற்றவர் சிரித்து மழுப்புவதும் உண்டு.

நாம் 'டைம்ஸ்' இதழுக்கு எழுத வேண்டுவதில்லை. "அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா, அவர்கள் செய்த குற்றம் என்ன?" என்று அவ்விடத்திலேயே, நம் குழந்தைகளின் செவியில் விழும்படி கேட்போமாக.