வாசலிலேயே பிரேக் பார்க்கலாம்; ஆனால் வரம்பு தெரிய வேண்டும்!



ஒரு காலத்தில் நம் லயத்து வாசலில் சைக்கிள்தான் சாய்ந்து நிற்கும். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் கஞ்சில் வந்தது. அந்தக் காடிகள்தாம் கைமாறிக் கைமாறி நம்மவர் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தன. பிள்ளையைப் பள்ளிக்கும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போவது அந்தப் பழைய காடிதான். அது ஓடாவிட்டால் ஒருநாள் வேலை கெடும். நிற்காவிட்டால் உயிரே போய்விடும்.

"பட்டறைக்குப் போனா கையில இருக்கிற வெள்ளியெல்லாம் போயிடுது அண்ணே! நாமே கழற்றிப் பார்த்தா என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். பார்க்கலாம் தம்பி. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

காடி நமக்கு முன்கூட்டியே சேதி சொல்லும். மிதிக்கும்போது 'கீச்' என்று கத்தினால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். 'கரகர' என்றால் இரும்போடு இரும்பு உரசுகிறது; அதற்கு மேல் ஓட்டவே கூடாது. பெடல் மெத்தை போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது எண்ணெய் கசியலாம்.

முன் சக்கரத்து பேட் மாற்றுவது பொறுமைசாலிக்கு முடிகிற வேலைதான். காடியைச் சமதரையில் நிறுத்துங்கள். கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், அது சறுக்கும். செங்கல்லும் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். வேலை முடியும்வரை பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பெரும்பாலான சிறு காடிகளில் கேலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால், பெட்டி மூடியைப் போல அதை மேலே தூக்கலாம். ரப்பர் குழாயில் அதைத் தொங்கவிடக் கூடாது. பேட்டின் உரசும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் காடி ஒருபுறமாக இழுக்கும். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொடுங்கள். மாட்டும் விதம் மறந்தால் மறு பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். புதுப் பேட் நுழைய, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது டப்பாவில் எண்ணெய் மேலேறும். வழியவிடாதீர்கள், பெயிண்டை அரித்துவிடும். பேட்டிலும் டிஸ்க்கிலும் எண்ணெய்க் கை படவே கூடாது.

நான் முதன்முதலாக பேட் மாற்றிய நாளில் எல்லாம் சரியாகத்தான் மாட்டினேன். பெருமையோடு காடியை எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போகிறது! காடி நேரே கால்வாயில் போய் இறங்கியது. சற்று முன்வரை அந்த இடத்தில் பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்ப வெளியே வந்து பேட்டைத் தொட, பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். பெடல் கெட்டியான பிறகே இன்ஜினை முடுக்க வேண்டும். பிறகு ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டி, நிற்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய், தாப்பா - கேமரன் மலைச் சாலை போன்ற நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பெடல் பஞ்சாகிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள். அவசரத்துக்கு இன்ஜின் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

குண்டும் குழியுமான செம்மண் சாலை அப்சோர்பரைச் சீக்கிரம் தின்றுவிடும். காடியின் ஒரு மூலையை அழுத்திவிடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. தொட்டிலாய் ஆடினாலோ, அப்சோர்பரில் எண்ணெய் வழிந்தாலோ அது போய்விட்டது. பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது. சுருள் ஸ்பிரிங்கை நீங்களே கழற்றாதீர்கள். அமுங்கி இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். எண்ணெய்க் கசிவு, விரிசல் விட்ட குழாய், ஆடும் பால் ஜாயிண்ட், இவையும் பட்டறைக்காரர் வேலையே.

சிக்கனம் நல்லதுதான். ஆனால் அந்தக் காடியில் நாளைக் காலை ஏறப்போவது நம் பிள்ளைகள். தெரிந்ததை நாமே செய்வோம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கொடுப்போம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை!