ஆறு நாற்காலியும் ஒரு துடைப்பமும்

லாபிஸ் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம் கிடைத்து, ஆண் பெண் அதிகாரம் பற்றி ஒரு மாலை முழுக்கக் குறுநாடகங்கள் போடுவதாக வைத்துக்கொள்வோம். வசனம் எழுத உட்காருவதற்கு முன் ஆறு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் தந்த பயிற்சி இது. பொருள்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம்; ஆனால் ஒரு நாற்காலி மட்டும் மற்ற எல்லாவற்றையும் அடக்கி ஆள்வதாகத் தெரிய வேண்டும். ஒருவர் அதைத் தூக்கி மேசைமேல் வைப்பார். இன்னொருவர் மற்ற ஐந்தையும் அதன் பக்கம் திருப்பிவிடுவார். யாரும் உட்காரவில்லை, யாரும் பேசவில்லை. ஆனாலும் யாருடைய ஆட்சி நடக்கிறது என்று பின்வரிசைப் பையனுக்கும் புரிந்துவிடும்.

எப்படிப் புரிகிறது? அதிகாரத்தை நாம் காதால் கேட்பதற்கு முன் கண்ணால் படித்துவிடுகிறோம்.

1980களின் தொடக்கத்தில் ஜான் டொவிடியோ, ஸ்டீவ் எல்லிசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இருவர் பேசும்போது கண் எங்கே போகிறது என்று அளந்தார்கள். பணிந்து பழகியவர், எதிராளி பேசும்போது அவர் முகத்தையே பார்ப்பார். தான் பேசும்போது பார்வை தாழும். மேலிடத்தில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் குறைவு. பேசும்போதும் விடாமல் பார்ப்பார். கேட்கும்போது வேறெங்காவது பார்க்க அவருக்குத் தயக்கமில்லை. நடிப்பு ஆசிரியர் கீத் ஜான்ஸ்டன் இன்னும் எளிய வித்தை ஒன்றைக் கவனித்தார்: பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருக்கும் நடிகர் தானாகவே பெரிய ஆளாகிவிடுகிறார். அவர் எழுதிய புத்தகம் வந்தது 1979இல். எந்த ரப்பர்த் தோட்டத்துக் கிராணியும் அதைப் படித்திருக்க மாட்டார், ஆனாலும் தலை அசையாது.

தோட்டத்து வாழ்க்கையில் இதற்குக் காட்சிகள் பஞ்சமில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு. பெயர் கூப்பிடுகிறவர் ஒரு பக்கம், பால்வாளியோடு நிற்கிறவர்கள் ஒரு பக்கம். 1920களின் கடைசியில் மலாயாவின் பல பகுதிகளில் ஆணுக்கு நாள்கூலி 50 சென், பெண்ணுக்கு 40 சென் என்று சட்டபூர்வமாகவே வகுத்திருந்தார்கள். இந்தப் பத்து சென் வித்தியாசத்தை மேடையில் எப்படிக் காட்டுவது? யாராவது முன்னால் வந்து புள்ளிவிவரம் ஒப்பித்தால் கூட்டம் கச்சானுக்கும் தேநீருக்கும் எழுந்துபோகும். சம்பள மேசையில் கணவன் தன் கூலியோடு மனைவியின் கூலியையும் கை நீட்டி வாங்கிக்கொள்ளட்டும். அவள் கண் காசின் பின்னாலேயே போகட்டும். பத்து நிமிட நாடகத்துக்கு அவ்வளவு போதும்.

பேச்சைக் குறுக்கே வெட்டுவதும் நல்ல கருவி. 1975இல் டான் சிம்மர்மன், கேண்டஸ் வெஸ்ட் இருவரும் ஆண்-பெண் உரையாடல்களைப் பதிவுசெய்து கேட்டபோது, 48 குறுக்கீடுகளில் 46 ஆண்களுடையவை. புகழ்பெற்ற கணக்கு, ஆனால் அவர்கள் கேட்டது 11 உரையாடல்கள்தான். 1998இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் இருந்தது, ஆனால் இவ்வளவு பெரிதாக இல்லை. பேச்சையே பறித்துக்கொள்ளும் வகைக் குறுக்கீட்டில்தான் அது கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. ஆகவே மேடையில் எல்லா ஆணும் எல்லாப் பெண்ணையும் வெட்டிக்கொண்டே இருந்தால் அது கார்ட்டூன். ஒரே ஒரு வெட்டு, சரியான இடத்தில் விழுந்தால் மண்டபமே நிமிரும்.

நம்மிடம் பழைய சரக்கும் இருக்கிறது. அதியமானின் தூதாக அவ்வை தொண்டைமானிடம் போகிறாள். அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டிப் பெருமை கொள்கிறான். உன் ஆயுதங்கள் நெய் பூசி மின்னுகின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலவே அவள் குத்துகிறாள். புறநானூற்றில் இருக்கும் இது, தயாராக உள்ள குறுநாடகம். ஆனால் 1953 ஜெமினி படத்தின் கோலூன்றிய கிழவியையே நாம் அவ்வையாக மனத்தில் வைத்திருக்கிறோம். அரசனுக்கு எதிரில் ஒரு பாட்டி பேசினால் சிரித்துவிட்டு விடலாம்; இளம்பெண் பேசினால் அப்படி முடியாது. 1990களின் கடைசியில் கவிஞர் இன்குலாபின் ‘அவ்வை’ நாடகத்தை நாடக இயக்குநர் மங்கை மேடையேற்றியபோது அந்தக் கிழவியை ஓரம்கட்டிவிட்டு இளம் பாடினியைக் கொண்டுவந்தார்.

இனி துடைப்பத்துக்கு வருவோம். 1973இல் பெருவில் எழுத்தறிவு இயக்கம் ஒன்றில் போவால் வேலைசெய்தபோது நடந்தது. கணவன் பத்திரப்படுத்தச் சொன்ன காகிதங்கள் வேறொருத்தியின் காதல் கடிதங்கள் என்று எழுதப்படிக்கத் தெரியாத ஒரு மனைவிக்குத் தெரியவருகிறது. இன்று இரவு அவன் வருவான், என்ன செய்வது? பார்வையாளர்கள் சொல்லச்சொல்ல நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்றார் கூட்டத்தில் இருந்த வாட்டசாட்டமான ஒரு பெண்மணி. நடிகை எவ்வளவு தெளிவாகப் பேசியும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில், நீங்களே வந்து செய்யுங்கள் என்றார் போவால். அவர் மேடையேறினார், துடைப்பத்தை எடுத்தார், கணவனாக நடித்தவரை விளாசினார். பிறகு மன்னித்துவிட்டு மேசையில் உட்கார்ந்து, சமையலறையிலிருந்து சாப்பாடு எடுத்துவரச் சொன்னார்.

பார்வையாளரே இறங்கி நடிக்கும் நாடக முறைக்கு அதுவே தொடக்கம் என்று போவால் பின்னால் சொன்னார். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி குழு அதே முறையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. அந்தப் பெண்மணியின் மனத்தில் இருந்ததைச் சொல்லில் கேட்ட யாராலும் காட்ட முடியவில்லை. அவர் உடம்பு எழுந்தபோதுதான், யார் உட்காருவது, யார் பரிமாறுவது என்ற ஏற்பாடே புரண்டது.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. மேடையேறும் பார்வையாளர் ஒடுக்கப்பட்டவரின் இடத்தில்தான் நிற்கலாம். கிராணியை இறக்கிவிட்டு நல்ல கிராணியாக நான் நடிக்கிறேன் என்றால், நிஜத்தில் நடக்காத இதைக் கூட்டம் மாயமந்திரம், மாயமந்திரம் என்று கூச்சல்போட்டு அவரை உட்காரவைத்துவிடும்.